குறியும் வேட்டையும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி என்னும் ஊரைக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலைக் கொண்டே வெளியூரார் அறிவர். சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலப்பகுதி அது; மலையென்று சுட்டிக்காட்ட அருகில் ஒன்றும் இல்லை. ஆயினும் ஊர்ப்பெயரின் பின்பாதி மலைக்கு உரியது. நிலத்தை ஐந்தாக வகுத்த பழந்தமிழ் மரபிலே குறிஞ்சி நிலத்து ஊர்களுக்குச் சிறுகுடி என்றும் குறிச்சி என்றும் பெயர். அங்கு வாழ்ந்தோர் தினை விளைத்தும் தேன் எடுத்தும் வேட்டையாடியும் உண்டவர்கள். சமவெளியிலும் குறிச்சி என்று முடியும் ஊர்கள் பல இருத்தலால், பெயர் ஒன்றை மட்டும் கொண்டு ஓர் ஊரின் தொல்வரலாற்றை எழுதிவிடுதல் ஆகாது. எனினும் வேட்டுவர் குடியிருப்பின் பெயரை நாள்தோறும் வாயால் வழங்கிக்கொண்டே, வேட்டை என்றால் இன்னதென மறந்துபோன ஒரு வட்டாரம் இது என்று சொல்வதில் பிழையில்லை.

மறந்துபோன ஒன்றைப் பற்றி இப்போது எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். அயல்நாடுகளில் வாழும் நம் மக்கள் சிலர் அண்மைக் காலமாக எழுப்பிவரும் ஒரு வினாவே அதற்குக் காரணம். அவர்கள் வாழும் நாடுகள் சிலவற்றில் அரசின் உரிமச்சீட்டுப் பெற்று மான் முதலியவற்றை வேட்டையாடுவது சட்டத்திற்கு உட்பட்டது. அங்கே வேட்டைக்காரர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நெடுநாளாக நடக்கிறது. தூரநோக்கி பொருத்திய துப்பாக்கியால் அரை மைல் தொலைவிலிருந்து ஒரு மானை வீழ்த்துபவன் வேட்டைக்காரனா? அல்லது காற்றின் திசை பார்த்து, புதருக்குப் புதர் ஊர்ந்து, விலங்கின் மூச்சு கேட்கும் அளவுக்கு நெருங்கிச் சென்று அடிப்பவன்தான் வேட்டைக்காரனா? முன்னவன் செய்வது வேட்டையன்று, வெறுங் குறிபார்த்தல் என்கிறான் பின்னவன். தன்னால் இயலாததைப் பழிக்கிறான் என்கிறான் முன்னவன். நம்மவர்க்கோ இதில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: அவ்வாறு வீழ்த்தப்பட்டதன் இறைச்சியை நாம் உண்ணலாமா? முதற்கேள்வி பெருமையைப் பற்றியது. இரண்டாவது உணவைப் பற்றியது. நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியபோது, இரண்டாவதற்கு விடை தேடும் வழியிலேயே முதலாவதற்கும் விடை கிடக்கக் கண்டோம்.

தொலைவிலிருந்து எய்வதைத் தமிழர் இழிவாகக் கருதினர் அல்லர். பெரம்பலூர்ப் பகுதியின் பச்சைமலைக்கு மேற்கே நிற்பது கொல்லிமலை. அம்மலைக்குத் தலைவனான வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றிலே பாடியிருக்கிறார். அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஒருசேரத் துளைத்ததாம். இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர் புலவர்களோடு பழகாதவர். நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் வருவது. எய்தவன் அங்கேயே நின்று தன் கைத்திறனை வியந்துகொண்டிருக்கவில்லை. வீழ்ந்ததன் இறைச்சியைச் சமைத்து, வழியில் வந்த பாணர் கூட்டத்திற்கு உணவளித்துப் பொருளும் கொடுத்தான்; தன் பெயரைக்கூடச் சொல்லாமல் நாணி நின்றான். அம்பு சென்ற இடத்திற்கு அவனும் சென்றான் என்பது அப்பாட்டில் அடங்கிய செய்தி.

திருவள்ளுவரோ படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் முயலின்மேல் தைத்த அம்பையும் யானைக்குத் தப்பிய வேலையும் எதிரெதிரே நிறுத்தி, தப்பிய வேலை உயர்த்துகிறார். நெருங்கிச் செல்வோரின் கட்சி வாதிகள் இக்குறளைத் தமக்குச் சான்றாகக் காட்டக்கூடும். நம் கருத்தில் அது பொருந்தாது. அங்கே வள்ளுவர் பேசுவது போர்வீரனின் நெஞ்சுரத்தைப் பற்றி. வேட்டையின் நெறியைப் பற்றி அன்று. ஆபத்தை நாடிச் செல்லுதல் வீரத்துக்கு அளவுகோல் ஆகலாம். உணவுக்காக ஓர் உயிரைப் போக்குவதற்கு அது அளவுகோல் ஆகாது. யானைமுன் வேலோடு நின்றவன் பட்ட துணிவால் யானையின் வலி குறைவதில்லை.

இனி மார்க்க நூல்களுக்கு வருவோம். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதா வேட்டையைப் பற்றி விரிவாகப் பேசும் அத்தியாயம். பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிப்பதும் அதுவே. இஹ்ராம் உடுத்திய நிலையில் வேட்டையைத் தடுப்பதும் அதுவே. அதன் 94ஆம் வசனத்தில் ஓர் அரிய செய்தி இருக்கிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டுகின்ற தொலைவில் வேட்டைப் பிராணிகளை வரவிட்டு இறைவன் நம்பிக்கையாளர்களைச் சோதிப்பதாக அவ்வசனம் கூறுகிறது. மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்பது வெளிப்படுவதற்காகவாம். ஹுதைபிய்யாவுக்குச் சென்ற ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் இஹ்ராமோடு இருந்த தோழர்களிடையே காட்டு விலங்குகளும் பறவைகளும் மிக நெருங்கி வந்தன என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். கைக்கு எட்டுவன குஞ்சுகளும் சிறியனவும், ஈட்டிக்கு எட்டுவன பெரியன என்று விளக்கம் சொன்னோரும் உளர். ஆக, அண்மை என்பது அங்கே பெருமையாக அன்று, சோதனையாகவே வந்தது. எட்டும் இடத்தில் நிற்பதைத் தொடாமல் விடுவதே அங்கு வேண்டப்பட்டது.

வேட்டைச் சட்டத்தின் பெரும்பகுதி ஒரு தோழரின் கேள்விகளிலிருந்து பிறந்தது. அவர் அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள். கொடையால் புகழ்பெற்ற ஹாதிம் தாயின் கதையைக் கேட்காத வீடு நம்மிடையே இருந்ததில்லை. அந்த ஹாதிமின் மகனார் இவர். தய்யு குலத்தின் தலைவர். கிறித்தவராக இருந்து இஸ்லாத்தைத் தழுவியவர். வேட்டை நாய்களோடு காட்டில் திரிந்து பழகியவர். அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் இவர் கேட்டவை யாவும் வேட்டைக்காரன் கேட்கும் கேள்விகளே. நாய் பிடித்ததில் தானே தின்றுவிட்டால் என்ன? வேறு நாய்கள் வந்து கலந்துகொண்டால் என்ன? இறகில்லாத கனத்த கோலை எறிந்து கொன்றால் என்ன? அம்பு தைத்த விலங்கு ஓடி மறைந்து, மறுநாள் செத்துக் கிடக்கக் கண்டால் என்ன?

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அவ்விடைகளின் சாரம் இது: கோலின் கூர்முனை தைத்துக் கிழித்தால் உண்ணலாம், அதன் பக்கவாட்டு அடியால் செத்தால், தடியால் அடித்துக் கொல்லப்பட்டதற்கு ஒப்பாகும், உண்ணலாகாது. மறைந்துபோன விலங்கு பின்னர் கிடைத்து, அதில் உம் அம்பின் தழும்பைத் தவிர வேறொரு காரணமும் காணாவிட்டால் உண்ணலாம். நீரில் வீழ்ந்து கிடந்தால் உண்ணலாகாது. ஏனெனில் அதைக் கொன்றது உம் அம்பா தண்ணீரா என்பதை நீர் அறியமாட்டீர்.

இவ்விடைகளில் எங்கேனும் தொலைவு அளக்கப்பட்டிருக்கிறதா? இல்லை. இத்தனை முழத்துக்குள் எய்க, அதற்கு அப்பால் எய்யாதே என்று ஓரெழுத்தும் இல்லை. கேட்கப்படுவது வேறு: அந்த உயிர் எதனால் போயிற்று என்பதை எய்தவன் அறிவானா? அறிந்தான் என்றால் அது அவன் வேட்டை. அறியாவிட்டால் அது செத்தது மட்டுமே.

இந்த அடிப்படையின்மேல்தான் பின்வந்த சட்ட மேதைகள் கட்டினார்கள். ஹிஜ்ரி 428இல் மறைந்த இமாம் குதூரீ (ரஹ்) அவர்களின் முக்தசர், நம் அரபு மதரஸாக்களில் தொடக்க வகுப்புகளிலேயே ஓதப்படுவது. அதிலே ஒரு சட்டம் வருகிறது. அம்பு தைத்த விலங்கு தன் உடலைச் சுமந்துகொண்டு ஓடிக் கண்ணுக்கு மறைந்தது. எய்தவன் தேடுவதை விடாமல் தொடர்ந்து சென்று அது செத்துக் கிடக்கக் கண்டால் உண்ணலாம். தேடுவதை விட்டு உட்கார்ந்துவிட்டு, பின்னர் அது செத்துக் கிடக்கக் கண்டால் உண்ணலாகாது. ஒரே அம்பு, ஒரே காயம், ஒரே சாவு. உணவானதும் ஆகாமற்போனதும் வேட்டைக்காரனின் கால்களைப் பொறுத்தது. இவ்விடத்தை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுவது வழக்கம். கையின் திறமை எவ்வளவு தொலைவு சென்றாலும் சட்டம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கை சென்ற இடத்திற்குக் காலும் உடனே செல்லவேண்டும் என்கிறது.

உயிரோடு கிடக்கக் கண்டால் கடமை இன்னும் கூடுகிறது. அறுப்பதற்கு நேரமும் வாய்ப்பும் இருந்தும் அறுக்காமல் சாகவிட்டால் அது ஹராம். எட்ட முடியாத விலங்கைத் தூரத்திலிருந்து காயப்படுத்திக் கொல்லும் அனுமதி ஒரு நிர்ப்பந்தத்தின் பேரில் கொடுக்கப்பட்ட சலுகையாதலால், எட்டிய மறுகணமே அச்சலுகை தீர்ந்துபோகிறது. வீட்டு ஆட்டுக்குரிய சட்டம் வந்துவிடுகிறது.

மலையில் வீழும் விலங்கைப் பற்றிய சட்டமும் கவனிக்கத்தக்கது. பறக்கும் பறவையை எய்தால் அது தரையில் விழத்தான் செய்யும். அதைத் தவிர்க்க இயலாது. ஆகவே அவ்வீழ்ச்சி கணக்கில் வராது. ஆனால் மலைமேலோ கூரைமேலோ விழுந்து, அங்கிருந்து உருண்டு கீழே விழுந்து செத்தால் உண்ணலாகாது என்று, ஹிஜ்ரி 593இல் மறைந்த மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா கூறுகிறது. உயரத்திலிருந்து விழுந்து செத்ததைத் திருமறை விலக்கியிருப்பதே இதற்கு ஆதாரம். பாலைவனத்து அரபிகளுக்கும் துருக்கிஸ்தானத்து மக்களுக்கும் சொல்லப்பட்ட இச்சட்டம் நம் நீலகிரிக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

நீலகிரியிலும் ஆனைமலையிலும் செங்குத்தான பாறை விளிம்புகளில் வாழ்வது வரையாடு. அபாயம் கீழிருந்துதான் வரும் என்று அது எப்போதும் பள்ளத்தாக்கையே நோக்கி நிற்கும். பார்வையோ மிகக் கூரியது. ஆகையால் அதை நெருங்க விரும்புபவன் சுற்றிச் சென்று மேலிருந்து இறங்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் தங்கிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதுவே தலையாய வேட்டை. விளிம்பில் நிற்பதைச் சுட்டால் அது ஆயிரம் அடி ஆழத்தில் விழுந்து சிதறும், எடுக்கவும் முடியாது. கண்டபடி சுட்டதன் விளைவாக ஆடுகள் அருகின. 1877இல் அங்கே வேட்டைக்காரர்களே சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பெண்ணாடுகளையும் குட்டிகளையும் விட்டுவிட்டு, முதிர்ந்த கிடாவை மட்டுமே சுடலாம் என்ற கட்டுப்பாடு நிலைபெற்றது. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டாற்போல் ஒரு வெளிர்நிறத் திட்டுப் படரும், அதுதான் அடையாளம். அந்த அடையாளத்தைக் கண்ணால் காணும்வரை விசையைத் தொடலாகாது. தொலைவை அளந்து எழுதாமலேயே தொலைவுக்கு வரம்பு கட்டிய சட்டம் இது. அவர்கள் ஹிதாயாவைப் படித்தவர்கள் அல்லர். எனினும் காரணம் அறியாமல் கொல்லாதே என்ற இடத்திற்கே வந்து சேர்ந்தார்கள். அத்தனை கட்டுப்பாட்டுக்குப் பின்னும் வரையாடு பிழைத்தது அரிதாகவே. 2024இல் தமிழ்நாடு வனத்துறை எடுத்த கணக்கின்படி மாநிலத்தில் இருந்தவை 1,031.

வெடிமருந்து வந்தபின் நம் உலமாக்களுக்குப் புதிய சிக்கல் ஒன்று வந்தது. அம்பு கிழித்துக் கொல்கிறது. ஈயக்குண்டு எப்படிக் கொல்கிறது? கிழித்தா, மோதியா, சுட்டெரித்தா? கவண்கல்லும் களிமண் உருண்டையும் மோதிக் கொல்பவை. அவற்றால் செத்தது ஆகாது என்பது முன்னரே முடிவானது. ஹனஃபி மத்ஹபின் பிற்காலத்துப் பெருநூலாகிய ரத்துல் முஹ்தாரை எழுதிய இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், ஈயக்குண்டின் காயம் வெப்பத்தாலும் கனத்தாலும் விளைவது, கூர்முனையால் அன்று என்று தீர்த்தார். ஷாஃபிஈ உரையாசிரியர்களும் பெரும்பாலும் தடுத்தனர். தேர்ந்த கைக்காரன் ஒருவன் பெரிய பறவையின் இறக்கை போன்ற இடத்தில் மட்டும் அடித்து நிறுத்த வல்லவனாயின் அவனுக்கு இடமுண்டு என்றொரு விலக்கையும் அவர்கள் பேசினர். அதாவது குண்டு பிடித்து வைக்கவேண்டும்; கொல்வது கத்தியாகவே இருக்கவேண்டும். மறுபக்கத்தில் மொராக்கோ நாட்டு மாலிக்கி அறிஞர்களும், 1834இல் மறைந்த யமன் நாட்டு ஷவ்கானீ (ரஹ்) அவர்களும், குண்டு அம்பைவிட நன்றாகத் துளைக்கிறது, ஆகவே கூடும் என்றனர். இக்கருத்து வேறுபாடு இன்றும் இருக்கிறது. தத்தம் மத்ஹபின் உலமாவைக் கேட்டு நடப்பதே முறை.

நம் தமிழகத்து முஸ்லிம்கள் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளுமே ஆதலால், இங்கே துப்பாக்கி வேட்டை எப்போதும் கத்தியோடு சேர்ந்தே நடந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கியோடு கவுதாரிக்கும் முயலுக்கும் போன தலைமுறையைப் பற்றிப் பெரியத்தாமார் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். சுடுபவர் ஒருவர், அவர் பக்கத்தில் இடுப்பில் கத்தியோடு ஓட்டத்தில் வல்ல இளைஞன் ஒருவன். வெடிச்சத்தம் கேட்ட கணமே அவன் ஓடவேண்டும். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழுத்தில் கத்தி வைத்துவிட்டால் எல்லோர் வீட்டிலும் அன்றிரவு கறி மணக்கும். ஒரு நிமிடம் பிந்தினால் கூட வந்த மற்றவர்களுக்குத்தான் அது. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் எழுதிய நூல்களிலும், தம்முடன் வந்த முஸ்லிம் ஆட்கள் இவ்வாறு கத்தியோடு பாய்ந்து ஓடுவதைச் சிலர் வியப்போடும் சிலர் எரிச்சலோடும் குறித்திருக்கிறார்கள். அந்த ஓட்டக்காரன் எவ்வளவு தூரம் ஓடி எட்ட முடியுமோ அதுவே அந்தத் துப்பாக்கியின் தொலைவு. ஆயுதம் நூறு கெஜம் போகலாம். இளைஞனின் மூச்சு அறுபது கெஜம்தான் என்றால் அறுபது கெஜம்தான் வேட்டை.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து நரிக்குறவ மக்களின் வேட்டையும் அண்மை வேட்டையே. கரிமருந்தைக் குழல் வாய் வழியே கொட்டிக் கிட்டித்து, பால்ரஸ் குண்டு போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி சில பத்து அடிகளுக்கு மேல் நம்பத்தக்கது அன்று. ஆகவே அவர்களுக்குக் கண்ணியும் வலையும், பறவையின் குரலைப் போலவே குரலெழுப்பி அழைக்கும் நாவன்மையும்தான் உண்மையான கருவிகள். அவர்களைத் திருடரென்றும் நாடோடிகளென்றும் இகழ்ந்து பேசிய நம் ஊரார், கவுதாரியின் ஒவ்வொரு குரலுக்கும் பொருள் அறிந்த அந்த அறிவில் நூற்றில் ஒரு பங்கும் இல்லாதவர்கள்.

இவ்வளவும் படித்த வாசகர், நாம் அண்மைக் கட்சியைச் சேர்ந்துவிட்டோம் என்று எண்ணக்கூடும். அதற்கு முன் முகலாய மன்னர்களின் கமர்கா என்னும் வேட்டையைப் பார்த்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான ஆட்கள் பல மைல் சுற்றளவுக்கு வளையமாக நின்று, நாள்தோறும் வளையத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, உள்ளே அகப்பட்ட மான்களையும் பன்றிகளையும் ஒரு சிறு திடலுக்குள் அடைத்துவிடுவார்கள். 1567இல் லாகூர் அருகே நடந்த கமர்காவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் காடு கலைத்தார்கள். பின்னர் அக்பர் குதிரைமேல் உள்ளே புகுந்து வாளாலும் ஈட்டியாலும் அம்பாலும் கொன்றார். அதைவிட அண்மையான வேட்டை உண்டா? விலங்கின் வெதுவெதுப்பு கைக்குத் தெரியும் அண்மை. ஆனால் தப்பியோட வழியில்லாத விலங்கை நெருங்குவதில் என்ன வேட்டை இருக்கிறது? 1578இல் ஜீலம் நதிக்கரையில் பேரா என்னுமிடத்தில் இத்தகைய வளையம் முடியும் தறுவாயில் அக்பரின் உள்ளம் ஏதோ ஒரு பேருணர்வால் கலங்கியது. வேட்டையை நிறுத்தி விலங்குகளை எல்லாம் விட்டுவிடும்படி ஆணையிட்டார் என்று அவர்காலத்து வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர் மகன் ஜஹாங்கீரோ கணக்கு எழுதுவதில் வல்லவர். தமது 12 வயது முதல் 50 வயது வரை தம்முன் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் தம் கையால் வீழ்ந்தவை 17,167 என்றும் தம் நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். அவற்றில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை புறாக்கள்! எண்ணுவதற்காகக் கொல்வதா, உண்பதற்காகக் கொல்வதா என்று அரண்மனையில் கேட்பார் இல்லை போலும்.

அக்பரின் துப்பாக்கிகளுள் சங்கராம் என்பது பெயர்பெற்றது. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் வீழ்ந்தன என்று அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். 1568இல் சித்தூர்க் கோட்டை முற்றுகையின்போது, மதில்மேல் கவசத்தோடு நின்ற ஒருவரைத் தொலைவிலிருந்து அக்பர் அதனாற்றான் சுட்டார். பட்டதா இல்லையா என்பதும் தெரியவில்லை. பட்டவர் யார் என்பதும் தெரியவில்லை. கோட்டைத் தலைவர் ஜைமலே வீழ்ந்தார் என்பது சற்றுப் பொழுது கழித்து, உள்ளே எழுந்த நெருப்பைக் கண்டபின்னரே உணரப்பட்டது. போர் வேறு, வேட்டை வேறு. எனினும் தொலைவு மனிதனின் அறிவை எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

குறிபார்த்து எய்வது கூடாதா எனில், அதற்கு மார்க்கத்தில் தனிச் சிறப்பே உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அம்பெய்யும் பயிற்சியைப் பெரிதும் ஊக்கினார்கள். வலிமை என்பது எய்யும் ஆற்றலே என்று மும்முறை அறிவித்தார்கள். இஸ்மாயீல் (அலை) அவர்களின் சந்ததியார் வில்லாளிகளின் வழிவந்தோர் என்று நினைவூட்டி, பந்தயமிட்டு எய்துகொண்டிருந்த தோழர்களை உற்சாகப்படுத்தினார்கள். ஃபிக்ஹு நூல்களில் வேட்டைக்கு ஒரு பாடமும், குதிரைப் பந்தயத்துக்கும் அம்பெய்தலுக்கும் வேறொரு பாடமும் இருக்கின்றன. இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கவேண்டும், எத்தனை அம்புகள், பட்டதென்று எப்போது கொள்வது என்பவற்றை எல்லாம் அந்த இரண்டாவது பாடம் விரிவாகப் பேசும். தொலைவு அங்கே பெருமை, அளக்கப்படுவதும் அங்கேதான். வேட்டைப் பாடத்தில் தொலைவு அளக்கப்படாததும், எய்தல் பாடத்தில் அளக்கப்படுவதும் தற்செயல் என்று நாம் கருதவில்லை. அவை இரண்டு வேறு கலைகள்.

அவ்விரண்டையும் கலப்பவரை நபித்தோழர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் வழியே செல்லும்போது குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மேல் அம்பெய்து விளையாடக் கண்டார்கள். தவறிய ஒவ்வோர் அம்பும் பறவைக்காரனுக்குச் சொந்தம் என்று பேச்சு. இவரைக் கண்டதும் இளைஞர்கள் கலைந்து ஓடினர். உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை அண்ணலார் சபித்துள்ளார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். அவ்வாறே, விரலிடுக்கில் சிறுகல் வைத்துச் சுண்டி எறிந்துகொண்டிருந்த ஒருவரை அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் பிடிக்காது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது நபிமொழியின் கருத்து. கொல்லவும் மாட்டாமல் காயப்படுத்த மட்டும் வல்ல கருவிக்கு வேட்டையில் இடமில்லை.

இப்போது அரை மைல் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். இன்றைய வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா குழலைவிட்டுப் புறப்படும்போது நொடிக்கு 800 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்வது. ஆயினும் காற்றின் தடையால் வேகம் குன்றி, 800 மீட்டர் தொலைவை எட்ட ஒரு நொடிக்கும் மேலாகிறது. அதற்குள் அது சில மீட்டர் கீழே இறங்கிவிடும். பக்கக்காற்று அதை ஒதுக்கும். இவற்றை எல்லாம் கருவிகள் கணக்கிட்டுச் சொல்லிவிடுகின்றன. எந்தக் கருவியும் சொல்லமுடியாதது ஒன்று உண்டு: அந்த ஒரு நொடியில் மான் ஓரடி எடுத்து வைக்குமா என்பது. நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மான் உடனே சாவதில்லை. மணிக்கணக்கில் ஓடிப் புதரில் கிடந்து சாகும். எய்தவன் ஒரு மலையில், மான் மறுமலையில், நடுவே பள்ளத்தாக்கு. அவன் இறங்கி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் இரத்தத் தடத்தைத் தேடத் தொடங்கும் இடத்தைக்கூட அடையாளம் காணமுடியாமல் போகலாம். பறவை வேட்டைத் துப்பாக்கிக்கும் இதே கதை. சிதறிப் பரவும் சில்லுகள் 40 கெஜத்துக்கு அப்பால் வலுவிழந்து, பறவையை வீழ்த்தாமல் உடம்பில் தங்கிப் பறக்கவிடும்.

அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் 1887இல் நிறுவிய பூன் அண்டு குரோக்கெட் கழகம் என்னும் வேட்டைக்காரர் அமைப்பும் இத்தொலைச் சூட்டை எதிர்க்கிறது. விலங்கு தன் கண்ணாலும் காதாலும் மூக்காலும் ஆபத்தை உணரும் வாய்ப்பையே அது பறித்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். விலங்குக்கு ஒரு நேர்மையான வாய்ப்புத் தரவேண்டும் என்று அவர்கள் பேசுகிறார்கள். அது நல்லெண்ணமே, ஆயினும் சற்று விளையாட்டுத் திடலின் பேச்சாக நமக்குத் தோன்றுகிறது. தப்பும் வாய்ப்பைப் பற்றி நம் நூல்கள் பேசவில்லை. அவை பேசுவது எய்தவனின் பொறுப்பை. பள்ளத்தாக்கைக் கடந்து, இரவானாலும் தடம் விடாமல் தேடி, உயிர் இருந்தால் அறுத்து, இறந்திருந்தால் தன் காயம்தானா என்று ஆராய்ந்து முடிவு செய்பவன், எண்ணூறு மீட்டரிலிருந்து சுட்டிருந்தாலும் வேட்டைக்காரனே. அப்படிச் செய்பவர் எத்தனை பேர் என்பது வேறு. பட்டதா என்று தூரநோக்கியில் பார்த்துவிட்டு, பட்டதற்காகக் கைதட்டிக்கொண்டு, போய்ப் பார்க்கச் சோம்பி அடுத்த மானுக்குத் திரும்புகிறவன், இருபதடியில் நின்று சுட்டிருந்தாலும் இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்ட இளைஞர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

நெருங்கிச் செல்லும் கலைஞருக்கும் ஒரு சொல் உண்டு. வேட்டையின் பின்னே போகிறவன் கவனமற்றவன் ஆகிறான் என்று அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வரும் நபிமொழி உணர்த்துகிறது. ஊர்ந்து நெருங்கும் இன்பத்தில் தொழுகையையும் குடும்பத்தையும் மறந்து காட்டிலேயே கிடப்பவரையும் அது சுடும்.

சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் பாடிய மானுக்குப் பிணை நின்ற படலத்தை நம் வீட்டு மூதாட்டிகள் கண்ணீரோடு கேட்பர். அந்த வேடனின் மான் எங்கோ தொலைவில் இல்லை; அவன் கட்டிய கட்டிலேயே கிடக்கிறது. கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது, அண்ணலார் பிணையாகிறார்கள். சொன்ன சொல் தவறாமல் மான் கன்றோடு திரும்பி வரக் கண்டு வேடன் இஸ்லாத்தைத் தழுவுகிறான். மானின் குரல் கேட்கும் தூரத்தில் அவன் இருந்ததால்தான் அந்தக் கதை நடந்தது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமத்தோடு வேட்டைக்குச் சிறிது இடம் விட்டிருந்தது. வண்டியில் இருந்தபடி சுடுவதையும் இரவில் விளக்கடித்துச் சுடுவதையும் அப்போதே தடுத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த இடத்தையும் அடைத்துவிட்டது. சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்லுதல், நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், விரட்டுதல், காயப்படுத்துதல், பறவை முட்டைகளை எடுத்தல் எல்லாம் அடங்கும்; அவற்றுக்கான முயற்சியும் அடங்கும். தொலைவைப் பற்றி அதிலும் ஒன்றும் இல்லை.

கல்லங்குறிச்சி இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தில், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் பெறும் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 1999இல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தில் அங்கே இறங்குகின்றன. ஏரிக்கரையில் நிற்பவர்கள் அவற்றைத் தூரநோக்கியால்தான் பார்க்கிறார்கள். அதற்குமேல் நெருங்கினால் அவை எழுந்து பறந்துவிடும்.